திரும்பாத சாவி: பழுதறிதலும் ஆய்வு முறையியலும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின்னர், முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோர் ஆய்வு முறையியலை உள்ளடக்கிய பாடநெறியை முடிப்பது கட்டாயமாயிற்று. அதன்பின் நாடெங்கும் முறையியல் வகுப்புகள் நடைபெறுகின்றன. கருதுகோள் என்றால் என்ன, அதன் வகைகள் எத்தனை, சார்புள்ள மாறிக்கும் சாராத மாறிக்கும் என்ன வேறுபாடு என்றெல்லாம் வினாத்தாள் கேட்கிறது. மாணவர்களும் எழுதித் தேர்ச்சி பெறுகிறார்கள். ஆயினும், தாமே முன்வைத்த ஒரு கருதுகோளைச் சோதித்து, அது பொய்த்ததைக் கண்டு, கைவிட்ட அனுபவம் ஒன்றுகூட இல்லாமலேயே அந்தத் தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிட முடிகிறது. இக்குறையை எளிய எடுத்துக்காட்டு ஒன்றின் வழியே ஆராயலாம். காரின் இக்னிஷன் துளையில் சாவி நுழைகிறது. ஆனால் திரும்ப மறுக்கிறது. அந்நிலையில் ஒரு தேர்ந்த மெக்கானிக் என்ன செய்கிறார், ஏன் அந்த வரிசையில் செய்கிறார் என்பதை முறையாக விளக்கினால், முறையியல் தாளின் பாதிப் பாடம் அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் சிக்கலின் எல்லையை வரையறுக்க வேண்டும். 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற ஒரே முறையீட்டுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு சிக்கல்கள் உறைகின்றன. சாவி திரும்பவே இல்லை என்பது ஒன்று. சாவி திரும்புகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலவில்லை என்பது இரண்டு. மோட்டார் சுழல்கிறது, இன்ஜின் பற்றவில்லை என்பது மூன்று. சாவி போட்டுத் திருப்பும் வழக்கமான கார்களில் முதலாவது பெரும்பாலும் முழுக்க இயந்திரவியல் சார்ந்தது. பேட்டரி அடியோடு தீர்ந்துபோயிருந்தாலும் உலோகச் சாவி உலோகப் பூட்டில் திரும்பவே செய்யும். சாவிக்குள் இருக்கும் சிப்பை இம்மொபிலைசர் ஏற்கவில்லை என்றால் இன்ஜின் ஓடாதே தவிர, பொதுவாகச் சாவி திரும்புவதில் தடை இராது. ஆகவே, சாவி திரும்பாத வண்டிக்கு அடுத்த வண்டியிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொடுப்பது, கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதுவதற்கு ஒப்பாகும். ஆய்வேடுகளிலும் இதுவே நிகழ்கிறது. சிக்கலைக் கூறும் இயல் ஒன்றைச் சொல்லும். தரவு வேறொன்றைத் தேடிப் போகும். முறையியலின் முதற்படி கருதுகோள் அன்று. நோக்கிய நிகழ்வைப் பிற நிகழ்வுகளிலிருந்து பிரித்துச் சொல்லுதலே முதற்படி.

அடுத்து, இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்னும் அறிவு. சாவியை உருவியதும் ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒரு தாழ்ப்பாள் வில்விசையால் முன்தள்ளப்பட்டு, தண்டிலுள்ள பள்ளத்தில் சென்று அமர்கிறது. திருட்டைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1969ஆம் ஆண்டு மாடல்களில் இக்னிஷன் பூட்டை ஸ்டீயரிங் தண்டுக்கே கொண்டுவந்தது. 1970 முதல் திருட்டுத் தடுப்புக்கான கூட்டாட்சித் தரவிதியும் அங்கு நடைமுறைக்கு வந்தது. இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களிலும் இப்பூட்டு வழக்கமானதே. சக்கரத்தை ஒருபுறம் முழுதாகத் திருப்பி நிறுத்தியிருந்தாலும், டயர் நடைபாதைக் கல்லில் முட்டிக்கொண்டிருந்தாலும், முறுக்குண்ட ரப்பர் ஸ்டீயரிங் தண்டைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கவாட்டு அழுத்தத்தில் தாழ்ப்பாள் பள்ளத்தின் சுவரோடு நெரிபடுகிறது. சாவியைத் திருப்புவது என்பது அந்தத் தாழ்ப்பாளைப் பின்னிழுப்பது. நெரிபட்ட தாழ்ப்பாளை இழுக்க விரல்களின் விசை போதாது. ஸ்டீயரிங்கை, சிறிது இடங்கொடுக்கும் பக்கமாக மெல்ல அசைத்தபடி மறுகையால் சாவியை மென்மையாகத் திருப்பினால் அழுத்தம் நீங்கும், தாழ்ப்பாள் விலகும், சாவி திரும்பும். டெல்லியில் 'ஸ்டீயரிங் ஹிலாவோ' என்றும், சென்னையில் 'ஸ்டீயரிங்க ஆட்டிப் பாருங்க' என்றும் எந்த ஓட்டுநரும் முதலில் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் இருப்பது உராய்வு பற்றிய இயற்பியல்.

மற்றக் காரணங்களும் எண்ணிவிடத்தக்கவை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நெம்புகோல் பார்க்கிங் நிலையில் சரியாக அமராவிடில், பல மாடல்களில் சாவி இறுதி நிலைக்குத் திரும்பாது, உருவவும் வராது. பல்லாண்டுப் பயன்பாட்டில் சாவியின் வெட்டுகள் தேய்ந்திருக்கலாம். கார்ப் பூட்டுகளுள் மெல்லிய தகடுகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு தகட்டையும் சாவியின் ஒரு வெட்டு உரிய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்போடு சமமானால்தான் உருளை சுழலும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமளவு தேய்ந்தாலும் ஏதேனும் ஒரு தகடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நகலைப் பார்த்து நகலும், அந்த நகலைப் பார்த்து வேறு நகலுமாக வெட்டப்பட்ட சாவியில் ஒவ்வொரு தலைமுறையின் பிழையும் அடுத்ததில் சேர்கிறது. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த வரலாற்றை அறிந்த தமிழாய்வாளருக்கு இது புதியதன்று. இவற்றோடு தூசியால் இறுகிய தகடுகள், வளைந்த சாவி, துளைக்குள் முறிந்து தங்கிய துண்டு, உள்ளே உடைந்துபோன உருளை ஆகியவையும் உண்டு. அருகில் நிற்கும் அதே நிற வண்டியின் துளையில் சாவியை நுழைத்துத் திண்டாடுவோரும் உண்டு. அதுவும் பட்டியலில் இடம்பெற வேண்டிய கருதுகோளே.

இத்தனை காரணங்களுள் எதை முதலில் சோதிப்பது? தேர்ந்த மெக்கானிக்கின் விடையில் மூன்று அளவுகோல்கள் உள்ளன. சோதனைக்கு ஆகும் செலவு குறைவாக இருக்க வேண்டும். சோதனை, இருந்த நிலையை மீட்க இயலாதபடி மாற்றிவிடக் கூடாது. விடை எதுவாயினும் அது ஏதேனும் ஒரு காரணத்தை விலக்க வேண்டும். ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்க்கக் காசு செலவில்லை, எதுவும் உடையாது, திரும்பினால் காரணம் தெரிந்துவிடும், திரும்பாவிடில் முதன்மையான ஐயம் ஒன்று குறையும். கியர் நெம்புகோலை அழுத்தி அமர்த்துவதும் அத்தகையதே. மாற்றுச் சாவியைக் கொண்டுவருவதற்கு அரைமணி நேரம் ஆகலாம். ஆனால் அது தரும் தகவல் மிகுதி. உருளையைக் கழற்றி மாற்றுவது கடைசி. அது செலவு மிக்கது. மேலும் பழைய உருளையைத் துளையிட்டு எடுத்தபின் அது ஏன் திரும்பவில்லை என்பதை அறிய வழியே இருக்காது. விலை, மீள்தன்மை, பிரித்தறியும் திறன் என்னும் இம்மூன்றும் எந்த முறையியல் நூலிலும் ஆய்வு வடிவமைப்புக்கான அளவுகோல்களாகவே இடம்பெறத் தக்கவை.

மாற்றுச் சாவிச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு சாவிகள்: அன்றாடச் சாவி, பெட்டியில் கிடந்த மாற்றுச் சாவி. இரண்டு பூட்டுகள்: இக்னிஷன், கதவு. நான்கு சேர்க்கைகள். அன்றாடச் சாவி இக்னிஷனில் திரும்பாமல் மாற்றுச் சாவி திரும்பினால் ஐயம் சாவியின் மேல் விழுகிறது. இரு சாவிகளும் கதவைத் திறந்து, இக்னிஷனில் மட்டும் தோற்றால் ஐயம் உருளையின் மேலோ அதன் பின்னுள்ள ஸ்டீயரிங் பூட்டின் மேலோ செல்கிறது. அன்றாடச் சாவி இரு இடத்திலும் தோற்று, மாற்றுச் சாவி இரு இடத்திலும் வென்றால் அன்றாடச் சாவி வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் வேறுபாட்டு முறை என்று வகுத்ததும், இந்தியத் தருக்க மரபு அன்வயம், வியதிரேகம் என்று வகுத்ததும் இங்கே ஒரு சாவிக்கொத்தில் நிகழ்கின்றன. அளவைகளையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கும் பகுதியை மணிமேகலை கொண்டிருப்பதை நினைத்தால், இந்த ஒப்பீட்டுக்கு மேலைநாட்டுச் சான்று ஒன்றே கதி என்றும் இல்லை.

ஆயினும் இந்த நாற்கட்ட அட்டவணை தோன்றுமளவு தூயதன்று. மெக்கானிக்கின் அறிவு வெளிப்படுவது இங்கேதான். ரிமோட் பொத்தான் வந்தபின் கதவின் சாவித்துளையை ஆண்டுக்கணக்கில் எவரும் தொடுவதில்லை. அதனுள் துருவும் தூசியும் சேர்ந்திருக்கும். அங்கே சாவி திரும்பாமை சாவியின் குற்றத்துக்குச் சான்றாகாது. மறுபுறம், இக்னிஷன் உருளையும் அன்றாடச் சாவியும் பல்லாண்டு ஒன்றோடொன்று உரசிச் சேர்ந்தே தேய்ந்தவை. பழுதற்ற புதுச் சாவி அந்தத் தேய்ந்த உருளையில் முரண்டுபிடிக்கலாம். அதாவது, இரண்டு காரணிகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. பியேர் துயெம் 1906இல் இயற்பியல் பற்றிக் கூறியது இதுவே: எந்தக் கருதுகோளும் தனியே சோதனைக்கு வருவதில்லை, துணைக் கருதுகோள்களின் கூட்டத்தோடுதான் வருகிறது. சோதனை தோற்றால் கூட்டத்துள் எது பொய் என்பதைச் சோதனையே சொல்வதில்லை. துயெமின் கருத்தைச் சுற்றி மாணவர்கள் எழுதும் விடைகள் பெரும்பாலும் மனப்பாடமாகவே இருப்பதற்குக் காரணம், அது கடிதென்பதன்று. அதைக் கையால் தொட்டுணர வாய்ப்பே தரப்படாமைதான்.

இனி, தவறான முறையால் விளையும் தீங்குகள். சாவி திரும்பாதபோது மிகப் பலரும் செய்வது மேலும் வலுவாகத் திருப்புதல். சாவியின் மிக ஆழமான வெட்டு இருக்கும் இடமே அதன் மிக நலிந்த இடம். அங்கே அது முறிகிறது. அதன்பின் பழுது ஒன்றல்ல, இரண்டு. முதற்பழுது எதுவென்று அறியும் வாய்ப்பும் பல நேரங்களில் அத்தோடு முடிகிறது. ஸ்டீயரிங்கை அசைத்திருந்தால் செலவே இல்லாமல் தீர்ந்திருக்கக்கூடியது, இழுவை வண்டிக்கும் புது உருளைக்கும் புதுச் சாவிக்குமான செலவாகப் பெருகுகிறது.

இரண்டாவது வழக்கமான தவறு எண்ணெய். தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ சில துளிகள் விட்டால் சாவி அப்போதைக்கு இளகக்கூடும். ஆனால் ஈரமான எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். சில மாதங்களில் பூட்டு முன்னிலும் இறுகும். உலர்ந்த கிராஃபைட் தூள் போன்றவற்றைப் பூட்டு வேலை செய்வோர் விரும்புவது இதனால்தான். இதில் முறையியல் பாடம் ஒன்றும் உண்டு: உடனடி வெற்றி, தவறான விளக்கத்தை உறுதிப்படுத்திவிடுகிறது. அதைவிடப் பரவலானது, எண்ணெயும் விட்டு, ஸ்டீயரிங்கையும் ஆட்டி, சாவியையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே வேளையில் செய்தல். சாவி திரும்பிவிடும். எதனால் திரும்பியது என்பது தெரியாது. ஓட்டுநருக்கு அது பொருட்டன்று. அவர் அலுவலகம் போக வேண்டும். ஆனால் அடுத்த வாரம் அதே பழுது அதே வண்டியில் மீண்டும் தோன்றும்போது அறியாமையின் விலை தெரியவரும். புள்ளியியல் மென்பொருளில் பத்து மாறிகளை ஒருங்கே இட்டு, பொருண்மை பெற்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதும் பழக்கம் இதிலிருந்து எவ்வளவும் வேறுபட்டதன்று.

பழுதறிதல் தவறினால் உயிரே போகும் என்பதற்கு இக்னிஷன் சாவியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. அது திரும்பாத சாவியின் கதையன்று, தானாகத் திரும்பிவிட்ட சாவியின் கதை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட சில கார்களில் இக்னிஷன் சுவிட்சைத் தன் நிலையில் நிறுத்தும் சிறு முளை போதிய விசை இல்லாதிருந்தது. கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ சாலைக் குலுக்கலிலோ சாவி நிலைமாறியது, இன்ஜின் நின்றது, ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்குமான விசைத்துணை போயிற்று, மோதலின்போது காற்றுப்பையும் விரியவில்லை. நிறுவனம் நெடுநாள் இதனை வாடிக்கையாளரின் வசதி பற்றிய குறையாகவே வகைப்படுத்தி வைத்திருந்தது. 2014இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் 124 இறப்புகளை இக்குறையோடு தொடர்புள்ளவையாக ஏற்றது.

ஆய்வாளர்கள் கருதத்தக்க பகுதி இதற்கு அடுத்தது. 2006இல் சுவிட்சின் வடிவமைப்பு திருத்தப்பட்டது. ஆனால் உறுப்பின் எண் மாற்றப்படவில்லை. பழைய உறுப்பும் புதிய உறுப்பும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. ஆகவே பழைய கார்களில் காற்றுப்பை விரியாததும் புதிய கார்களில் விரிந்ததும் நிறுவனத்தின் புலனாய்வாளர்களுக்கு விளங்காப் புதிராயிற்று. இதற்கிடையே, 2006இல் நடந்த ஒரு விபத்தை ஆராய்ந்த விஸ்கான்சின் மாநிலக் காவல் அலுவலர், சாவி இருந்த நிலைக்கும் காற்றுப்பை விரியாமைக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று 2007லேயே தம் அறிக்கையில் எழுதினார். பின்னர், இறந்த ஒருவரின் குடும்பத்துக்காக வழக்காடியோர் அமர்த்திய பொறியாளர் ஒருவர், விபத்துக்குள்ளான காரின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்து ஒப்பிட்டார். எண் ஒன்று, முளையின் நீளம் வேறு. பெருநிறுவனத்தின் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் காணாததை, இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் எளிய செயல் காட்டிக்கொடுத்தது. பெயர் ஒன்றாயின் பொருளும் ஒன்றே என்று கொள்வது எத்துறை ஆய்விலும் நேரக்கூடிய பிழை. கணக்கெடுப்புகளில் ஒரே தலைப்பின்கீழ் வரையறை மாறிய எண்களை ஒப்பிடுவோரும், ஒரே சொல் நூற்றாண்டுகள்தோறும் ஒரே பொருள் தந்ததாகக் கொள்வோரும் இவ்வழக்கை ஒருமுறை படிப்பது நலம்.

இவ்வறிவு யாரிடம் இருக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. உலோகச் சாவியின் காலத்தில் பூட்டின் தருக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. டெல்லி காஷ்மீரி கேட்டின் உதிரிபாகச் சந்தையிலும், சிற்றூர்ச் சாலையோரத்தில் அரமும் வெற்றுச் சாவிகளும் வைத்து அமர்ந்திருப்பவரிடத்தும் அதற்கு விடை இருந்தது. சிப் பொருத்திய சாவியும், பொத்தானால் இயங்கும் இக்னிஷனும், மின்னணு ஸ்டீயரிங் பூட்டும் வந்தபின் பழுதறியும் கருவியும் மென்பொருளும் இல்லாதவர் சோதனையே செய்ய இயலாது. 2014 ஆகஸ்ட் 25இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களின் மேல் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப்பட்ட பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி கட்டுப்படுத்தியதே அதன் முதன்மையான குற்றச்சாட்டு. ஆணை பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24இல் அதற்கான இணையத்தளமும் தொடங்கப்பட்டது. வாகனங்களும் அதன் வரம்பில் உள்ளன. தகவல் திறக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை அரசளவில் ஏற்கப்பட்டிருப்பது நன்று. ஆனால் அது பெரும்பாலும் நுகர்வோரின் செலவு பற்றிய வழக்காகவே பேசப்படுகிறது. ஒரு பெருந்திரளான உழைப்பாளரின் காரணங்காணும் ஆற்றலுக்கு உரிய பொருள்கள் அவர்களிடமிருந்து விலக்கப்படுகின்றன என்பது கல்வியுலகம் எழுப்ப வேண்டிய வழக்கு. ஆவணக் காப்பகம் மூடப்பட்டால் வரலாற்றாய்வாளர் குரலெழுப்புகிறார். மெக்கானிக்குக்குக் கருவியும் கையேடும் மறுக்கப்படுவதும் அதே வகைப்பட்டதே.

இதற்கு எதிராகச் சில மறுப்புகள் எழலாம். மெக்கானிக்கின் வேலை பட்டறிவால் வந்த குருட்டு முயற்சி. அதில் கோட்பாடு இல்லை என்பது ஒன்று. கில்பர்ட் ரைல் 1949இல் வெளியான நூலில், செய்யத் தெரிதலை ஏதோ ஒன்றை உண்மையென அறிதலின் நிழலாக மட்டும் கருதும் போக்கை மறுத்தார். ஜூலியன் ஓர், செராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரிடையே களப்பணி செய்து 1996இல் வெளியிட்ட நூலில், கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதைகளாகச் சொல்லியே அறிந்துகொள்வதைக் காட்டினார். தேநீர்க் கடையில் 'அந்த வண்டி ஞாபகம் இருக்கா' என்று தொடங்கும் பேச்சு, அவர்களுக்கு ஆய்வுக் கருத்தரங்கின் பணியைச் செய்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: இது பட்டறையைப் போற்றிப் பாடும் மிகையுணர்ச்சி. மெக்கானிக்குகளும் பிழை செய்கிறார்கள்; ஆராயாமல் உறுப்பை மாற்றுகிறார்கள்; விற்பனைக்காகத் தேவையற்ற உருளையைப் பொருத்துவோரும் உண்டு. இது முற்றிலும் உண்மை. உறுப்பை மாற்றிப் பார்ப்பதே பழுதறிதல் என்னும் பழக்கம், உரிமம் பெற்ற சர்வீஸ் சென்டரிலும் உண்டு, மரத்தடிப் பட்டறையிலும் உண்டு. ஆனால் இம்மறுப்பு வாதத்தை வீழ்த்தவில்லை. ஆய்விதழ்களில் மோசடி உண்டு என்பதால் ஆய்வுமுறை பொய்யாகிவிடுவதில்லை. நல்ல பழுதறிதலையும் கெட்ட பழுதறிதலையும் வேறுபடுத்தும் அளவுகோல் உண்டு என்பதே, அது ஓர் அறிவுத்துறை என்பதற்குச் சான்று.

மூன்றாவது மறுப்பு: சாவியின் பழுதுக்கு முடிவான விடை உண்டு, சமூகவியலிலோ இலக்கியத்திலோ அத்தகைய விடை இல்லை. இதுவும் மெய்யே. எனினும், முடிவான விடை உள்ள இடத்தில் பயிற்சி பெறுவதன் பயன் துல்லியமாக அதுதான். அங்கே தவறு தவறென்று உடனே தெரிகிறது. சொல்வன்மையால் சாவியைத் திருப்ப இயலாது. சொல்வன்மை பலவற்றைத் திருப்பிவிடக்கூடிய துறைகளுக்குச் செல்லுமுன் மாணவர் அந்த ஒழுக்கத்தை ஒருமுறையேனும் பெற்றிருத்தல் நலம்.

கைத்தொழிலையும் கல்வியையும் இணைக்கும் பேச்சு இந்தியாவுக்குப் புதியதன்று. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, தொழிலின் வழியே பாடங்களைக் கற்பிக்க முயன்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2025க்குள் பள்ளி, உயர்கல்வி மாணவருள் பாதிப் பேராவது தொழிற்கல்வியின் அறிமுகம் பெற வேண்டும் என்றது. 19 முதல் 24 வயது வரையிலான தொழிலாளருள் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்னும் மதிப்பீட்டையும் அதுவே எடுத்துக்காட்டியது. ஆனால் இக்கொள்கைகள் நடைமுறையில் ஒருவழிப் பாதையாகவே அமைகின்றன. படித்தவர் தொழிலைச் சற்றுத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொழிலறிந்தவர் சான்றிதழ் பெற வேண்டும். தொழிலறிந்தவரிடம் பல்கலைக்கழகம் கற்க வேண்டியது உண்டு என்னும் எண்ணம் அவற்றில் மிக மங்கலாகவே உள்ளது. பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அலிகரும், 2019இல் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல்லும் பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஊர்களோ அவற்றுக்கு அண்மையில் உள்ள ஊர்களோதாம். அத்தொழிலாளரின் வறுமையும் கூலியும் ஆய்வுப்பொருளாவது இயல்பு, தேவையும்கூட. அவர்களது காரணங்காணும் முறை ஆய்வுப்பொருளாவதுதான் அரிது.

ஆகவே செய்யத்தக்கவை சில. முறையியல் பாடநெறியில் ஒரு வாரமேனும் பழுதறிதலுக்கு ஒதுக்கப்பட வேண்டும். மேசைமேல் ஒரு பழைய ஸ்டீயரிங் தண்டும் பூட்டும் சில சாவிகளும் போதும், விலை பெரிதன்று. பயிற்றுநர் அறிந்து வைத்த பழுது ஒன்று அதில் இருக்கட்டும். மாணவர் சாவியைத் திருப்பிவிட்டாரா என்பதற்கு மதிப்பெண் வேண்டா. எதை ஐயுற்றார், எந்த வரிசையில் சோதித்தார், ஒவ்வொரு சோதனையும் எதை விலக்கியது என்று எழுதிய குறிப்பேட்டுக்கே மதிப்பெண். பயிற்றுநராக அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆசிரியரோ, அனுபவமிக்க மெக்கானிக்கோ, பூட்டு வேலை செய்பவரோ உரிய மதிப்பூதியத்தோடு அழைக்கப்பட வேண்டும். பொறியியல் மாணவருக்கு மட்டுமன்றி, வரலாறும் மொழியியலும் பயில்வோருக்கும் இது உரியது.

மொழித்துறைகளுக்கு ஒரு தனிப் பணியும் உண்டு. பழுதறியும் பேச்சு இந்திய மொழிகளில் நாள்தோறும் நிகழ்கிறது. எழுத்தில் அது ஏறத்தாழ இல்லை. கலைச்சொல் பட்டியல்கள் 'இக்னிஷன்' என்பதற்கு ஈடாகச் சொற்களை ஆக்கித் தருகின்றன. ஆனால் சாவி 'பிடிக்கிறது', 'வழுக்குகிறது', 'டைட்டாக இருக்கிறது' என்று மெக்கானிக் கையுணர்வை வேறுபடுத்தும் சொற்களைத் தொகுத்தோர் சிலரே. அவ்வேறுபாடுகள் வெறும் வழக்குகள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டும் குறி. சொன்னவரின் ஒப்புதலோடும் பெயரோடும் இவை பதிவாக வேண்டும். பெயரற்ற 'தகவலாளி' என்ற அடிக்குறிப்புக்குள் அவர் மறைக்கப்படக் கூடாது.

இறுதியாக, தோற்ற சோதனைகளுக்கு ஆய்வேட்டில் இடம் வேண்டும். மெக்கானிக் தம் கூட்டாளியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது முதலில் சொல்வது, எவற்றைச் செய்து பார்த்தும் பயனில்லை என்பதைத்தான். அடுத்தவரின் நேரம் அதனால் மிஞ்சுகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளிலோ தோற்றவை அனைத்தும் நீக்கப்பட்டு, முதல் முயற்சியிலேயே எல்லாம் பொருந்தியதுபோல் எழுதப்படுகிறது. அதே புலத்தில் அடுத்து வரும் மாணவர் அதே தோல்விகளைத் தம் உதவித்தொகையின் காலத்தைச் செலவிட்டு மீண்டும் கண்டறிகிறார். ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் 'சோதித்துக் கைவிட்டவை' என்ற பகுதியைக் கட்டாயமாக்குவதற்குப் புதிய நிதியோ புதிய ஆணையமோ தேவையில்லை. துறைக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.